தோளில் எது? முதுகில் எது?

ஆரணியில் பட்டுத் தறி ஓடுகிறது.

நெசவாளி குழியில் கால் விட்டு உட்கார்ந்திருக்கிறார். கால் மிதிக்கிறது. ஒரு கை கயிற்றை இழுக்கிறது, நாடா பாய்கிறது. இன்னொரு கை பலகையை அடிக்கிறது.

நாடாவில் இருந்த ஊடை நூல் தீர்ந்துவிட்டது. அவர் எழுந்து போய்த் தேடுகிறாரா? இல்லை. பக்கத்தில் கையை நீட்டுகிறார். மனைவி சுற்றி வைத்த தார் கைக்குக் கிடைக்கிறது. கண் சேலையை விட்டு நகரவில்லை. மறுபடியும் தறி ஓடுகிறது.

ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம் உண்டு. அந்த இடம் கைக்குத் தெரியும். அதனால் வேலை தடைப்படுவதில்லை.

அதே நெசவாளி ஞாயிற்றுக்கிழமை மகனைக் கூட்டிக்கொண்டு ஏரிக்கு மீன் பிடிக்கப் போகிறார். கையில் தூண்டில். தோளில் பெரிய பை. முள், நூல், கத்தி, சோற்றுப் பொட்டலம், சிறிய கைவலை, எல்லாம் பைக்குள்.

மீன் கடித்துவிட்டது! இழுக்கிறார். முழங்கால் தண்ணீருக்கு வந்துவிட்டது. நல்ல விரால். "வலை எங்கே?" என்கிறார். வலை பைக்கு அடியில் கிடக்கிறது. பையைத் துழாவுவதற்குள் நூல் அறுந்தது. மீன் போய்விட்டது.

மீன் போனால் போகட்டும். அடுத்த ஞாயிறு வேறு மீன் கிடைக்கும்.

ஆனால், பையைத் துழாவும்போது கால் வழுக்கினால்? பக்கத்தில் வண்டல் எடுத்த குழி இருந்தால்? தோளில் குறுக்காக மாட்டிய பை தண்ணீர் குடித்துக் கீழே இழுத்தால்?

அப்பாவை இழுக்கப் பையனும் இறங்குவான். ஏரிகளிலும் குளங்களிலும் இப்படி ஒருவர் பின் ஒருவராகப் போன செய்திகள் எத்தனை!

ஆகவே, எதை எங்கே சுமப்பது என்பது சின்னக் கேள்வி அல்ல. தறியில் காட்டும் கவனத்தைத் தண்ணீரிலும் காட்டவேண்டும்.

வலைக்காரரைப் பாருங்கள்

ஏரியில் வீச்சு வலை போடுகிறவரைக் கவனித்துப் பாருங்கள். அவர் பள்ளிக்கூடத்தில் இதைப் படிக்கவில்லை. ஆனாலும் அவர் சுமக்கும் முறையில் குறை சொல்ல முடியாது.

வலையை மடித்து ஒரு பகுதியைத் தோளிலோ முழங்கையிலோ போட்டுக்கொள்வார். மறு பகுதி கையில் இருக்கும். மீன் போடும் கூடை இடுப்பில் இருக்கும். வாய் குறுகிய கூடை. அதைப் பறி என்பார்கள். அது பக்கவாட்டிலோ பின்புறமாகவோ தொங்கும். வலை வீசும் கைக்கு அது குறுக்கே வராது.

மீன் கிடைத்ததும் பார்க்காமலே பறியில் போடுவார். அவ்வளவுதான். வேறு சுமை அவரிடம் கிடையாது.

பூச்சித் தூண்டில்

இந்தக் கேள்வியைப் பற்றி அதிகமாக யோசித்தவர்கள் வேறு ஒரு கூட்டத்தார். அவர்கள் பூச்சித் தூண்டில்காரர்கள். இங்கிலீஷில் இதற்கு 'பிளை பிஷிங்' என்று பெயர்.

இதில் மண்புழு கிடையாது. சிறிய முள்ளில் இறகும் ரோமமும் வைத்து, மெல்லிய பட்டு நூலால் சுற்றி, ஈயைப் போலவும் பூச்சியைப் போலவும் செய்வார்கள். அதைத் தண்ணீர் மேல் மிதக்கவிடுவார்கள். நிஜப் பூச்சி என்று நம்பி மீன் பாயும்.

நம் ராஜ்யத்தில் இதற்குப் பேர்போன இடம் நீலகிரி. அங்கே ஓடும் குளிர்ந்த ஓடைகளுக்கு டிரவுட் என்ற மீனைக் கொண்டுவர வெள்ளைக்காரர்கள் ஆசைப்பட்டார்கள். பிரான்சிஸ் டே என்ற டாக்டர் 1863-ல் முயன்றார். பலிக்கவில்லை. பிறகு 1907-ல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் பண்ணை அமைந்தது. வில்சன் என்பவரின் உழைப்பால் டிரவுட் மீன் அந்த மலையில் பிழைத்தது.

சமவெளியையும் அவர்கள் விடவில்லை. மதராஸ் மாகாணத்தில் அதிகாரியாக இருந்த எச். எஸ். தாமஸ், இந்தியாவில் தூண்டில் போடுவது பற்றி 1873-ல் ஒரு புத்தகம் எழுதினார். ஏரி குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே 1887-ல் இன்னொரு புத்தகம் எழுதினார்.

பட்டுக்கும் இந்தத் தூண்டிலுக்கும் நெருங்கிய உறவு உண்டு. ஒரு காலத்தில் வீசும் நூலே பட்டினால் பின்னியது. எண்ணெய் ஏற்றி, ஒவ்வொரு நாளும் காயவைத்துப் பாதுகாக்கவேண்டும். முள்ளுக்குப் பக்கத்தில் வரும் மெல்லிய இழையோ பட்டுப்புழுவின் வயிற்றிலிருந்தே வந்தது. கூடு கட்டப் போகும் புழுவைக் காடியில் ஊறவைத்து, உள்ளே இருக்கும் பட்டுச் சுரப்பியை எடுத்துக் கையால் நீளமாக இழுப்பார்கள். ஸ்பெயின் நாட்டில் முர்சியா என்ற ஊர் இந்தத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. 1938-ல் நைலான் அறிவிக்கப்பட்டது. அதற்குப் பிறகு அந்தத் தொழில் படுத்துவிட்டது.

ஆரணிக்காரர் கையில் தறியாக ஓடும் பட்டு, இன்னொருவர் கையில் தூண்டிலாக ஓடியது!

மூன்றாவது கை ஏது?

பூச்சித் தூண்டில்காரர் கரையில் உட்கார்ந்திருப்பவர் அல்ல. ஓடைக்குள் இறங்கி நடப்பவர். ஒரு கையில் கழி. மறு கையில் நூல். இரண்டு கையும் எப்போதும் வேலையில் இருக்கும். பூச்சிப் பெட்டி, கத்தரி, நூல் கண்டு, கைவலை ஆகியவற்றை எடுக்க மூன்றாவது கைக்கு எங்கே போவார்?

அதனால் அவர்கள் பல வழிகளைக் கண்டுபிடித்தார்கள். ஒவ்வொன்றிலும் நன்மை உண்டு, தீமையும் உண்டு.

முதலாவது, பிரம்புக் கூடை. பழைய காலத்து வழி. நம் பறிக்கு அண்ணன் என்று சொல்லலாம். தோள் வாரில் தொங்கும். பிடித்த மீனைக் கொண்டுபோக நல்லது. மற்றப் பொருள்களுக்கு உதவாது.

இரண்டாவது, பல பை வைத்த கையில்லாத சட்டை. 1930-களில் லீ வுல்ப் என்ற அமெரிக்கர் இப்படி ஒன்றைத் தைத்துக்கொண்டார். பிறகு உலகம் முழுவதும் பரவியது. எல்லாம் மார்புக்கு முன்னால் இருப்பதால் எடுப்பது சுலபம். ஆனால் பை இருக்கிறதே என்று எல்லாவற்றையும் திணிப்பார்கள். கழுத்து வலிக்கும். நம் ஊர் வெயிலில் வியர்த்துக் கொட்டும்.

மூன்றாவது, இடுப்புப் பை. தோளுக்கு வலி இல்லை. முதுகுக்குப் பாரம் இல்லை. ஆனால் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினால் பை நனையும்.

நான்காவது, குறுக்கே மாட்டும் ஒற்றைத் தோள் பை. முதுகில் கிடக்கும், வேண்டும்போது முன்னால் இழுத்துக்கொள்ளலாம். கழி வீசும் தோளுக்கு எதிர்த் தோளில் வாரைப் போடவேண்டும். பாரம் கூடினால் ஒரு தோள் மட்டும் நோகும்.

ஐந்தாவது, முதுகு மூட்டை. நாள் முழுவதும் நடப்பவருக்குச் சரி. சோறும் தண்ணீரும் மழைக் கோட்டும் அதில் வைக்கலாம். அடிக்கடி வேண்டிய பொருளை அதில் வைக்கக்கூடாது. ஒவ்வொரு தடவையும் கழற்ற வேண்டியிருக்கும்.

எது உயர்ந்தது? கடைக்காரர் விலை உயர்ந்ததைக் காட்டுவார். அதை நம்பவேண்டாம். தண்ணீர் எவ்வளவு ஆழம், எவ்வளவு தூரம் நடக்கவேண்டும், என்ன வேண்டும் என்று பார்த்தால் விடை தானே வரும். அரை நாளைக்கு ஏரிக்கரைக்குப் போகிறவருக்கு ஒரு சின்னப் பை தாராளம்.

வலைக்கு இடம் முதுகு

கைவலையை எங்கே வைப்பது? இதில்தான் பலர் தவறுகிறார்கள்.

முன்னால் தொங்கவிட்டால் நூல் சிக்கும். பக்கத்தில் தொங்கவிட்டால் காலில் தட்டும். பைக்குள் வைத்தால் சமயத்துக்குக் கிடைக்காது. சிறந்த இடம் முதுகு. பின்கழுத்துக்குக் கீழே ஒரு வளையத்தில் மாட்டிவிடலாம். அல்லது இடுப்பு வாரில் பின்பக்கமாகச் செருகிக்கொள்ளலாம். கை பின்னால் போனவுடன் பிடி அகப்படவேண்டும். ஒரே இழுப்பில் கழன்று வரவேண்டும். இதற்காகவே காந்தக் கொக்கிகள் இப்போது கிடைக்கின்றன.

சிலர் வலையை நீளமான ரப்பர் கயிற்றில் கட்டிவிடுகிறார்கள். தொலைந்து போகாது என்று நினைப்பு. புதருக்குள் நடக்கும்போது வலை ஒரு கிளையில் மாட்டும். ஆள் முன்னால் நடக்க நடக்கக் கயிறு நீளும். திடீரென்று கிளை விடும். உண்டிவில்லிலிருந்து புறப்பட்ட கல்போல வலை வந்து பின்மண்டையில் அடிக்கும்! சாதாரணக் கயிறு போதும். அதுவும் குட்டையாக இருக்கட்டும்.

சின்ன மீனையும் சினை மீனையும் திரும்பத் தண்ணீரில் விடுவது நல்ல பழக்கம். விடுவதாக இருந்தால் கையையும் வலையையும் முதலில் நனைத்துக்கொள்ளவேண்டும். உலர்ந்த கையும் முடிச்சு வலையும் மீன் மேல் இருக்கும் வழவழப்பை உரித்துவிடும். அது மீனுக்குக் கவசம். அது போனால் நோய் வரும். வலை சட்டென்று கைக்கு வந்தால்தான் மீனும் பிழைக்கும்.

ஒரே இழுப்பில் கழல வேண்டும்

எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம் இதுதான். உடம்பில் மாட்டிய எந்தச் சுமையும் ஒரே இழுப்பில் கழலவேண்டும்.

ஓடும் தண்ணீரைக் கடக்கும்போது முதுகு மூட்டையின் இடுப்பு வாரை அவிழ்த்துவிடவேண்டும் என்பது மலையேறுகிறவர்கள் கடைப்பிடிக்கும் விதி. விழுந்தால் மூட்டையை உதறிவிட்டு நீந்தலாம். மூட்டை போனால் வாங்கலாம்.

குளிர்ந்த ஓடையில் சிலர் மார்பு வரை வரும் ரப்பர்க் கால்சட்டை போடுகிறார்கள். அதற்கு மட்டும் விதி வேறு. அதன் மேல் பெல்ட்டை இறுக்கிக் கட்டவேண்டும். விழுந்தால் உள்ளே தண்ணீர் புகாமல் அது தடுக்கும். சுமையின் வார் தளர்வு. கால்சட்டையின் வார் இறுக்கம். இரண்டையும் மாற்றிக்கொள்ளக்கூடாது.

பாரமான பொருளைப் பிள்ளைகள் மேல் மாட்டி அவர்களைத் தண்ணீரில் இறக்குவது பெரிய தவறு. "அவன் சும்மாதானே வருகிறான், பையை அவனிடம் கொடு" என்பார்கள். வேண்டாம். பையன் கரையில் நிற்கட்டும். பையும் கரையில் இருக்கட்டும். தண்ணீருக்குள் வேண்டியது நாலே பொருள்: தூண்டில், சின்னப் பெட்டி, கத்தரி, முதுகில் வலை.

நீலகிரிக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு வார்த்தை. அவலாஞ்சிப் பக்கம் காட்டு இலாகாவின் இடம். அனுமதி இல்லாமல் தூண்டில் போடக்கூடாது. ஆரணி ஏரிகளிலும் மீன் குத்தகை எடுத்தவரைக் கேட்டுக்கொண்டுதான் இறங்கவேண்டும்.

வீட்டிலேயே ஒரு சோதனை

ஞாயிறு மாலை வீடு திரும்பியதும் பையைத் திண்ணையில் கொட்டுங்கள். அன்றைக்குத் தொட்டவை ஒரு பக்கம். தொடாதவை ஒரு பக்கம். தொடாதவை அடுத்த வாரம் வீட்டிலேயே இருக்கட்டும். மருந்தும் கட்டுத் துணியும் மட்டும் விதிவிலக்கு.

பிறகு கண்ணை மூடிக்கொண்டு, மாட்டிய பையிலிருந்து கத்தரியை எடுத்துப் பாருங்கள். பின்னால் கை விட்டு வலையை எடுத்துப் பாருங்கள். கடைசியாக எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கழற்றிப் பாருங்கள். மகன் மூன்று எண்ணுவதற்குள் கழன்றுவிட்டதா? அப்படியானால் தண்ணீருக்குப் போகலாம்.

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள் பெரியவர்கள். பணத்தை நினைத்துச் சொன்னது. தண்ணீருக்கும் அது பொருந்தும்.

நாலு மணிக்குக் கிளம்பிய அப்பா ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து சேரவேண்டும். பறியில் மீன் இருந்தால் குழம்பு. இல்லாவிட்டால் ரசம். வாசலில் நிற்கும் தாய்க்கு இரண்டும் ஒன்றுதான்!