மணிக்கு எவ்வளவு?

"இந்தக் காலத்துப் பிள்ளைகள் கைப்பேசியில் விளையாடி விளையாடியே நேரத்தை வீணாக்குகிறார்கள்" என்று ஒரு புகார் எழுதி, கீழே கையெழுத்துப் போடு என்று யாராவது என்னிடம் நீட்டினால், நான் போடமாட்டேன். ஒரே வாக்கியத்தில் இரண்டு பொய்கள் இருக்கின்றன. விளையாடுகிறார்கள் என்பது ஒரு பொய். நேரத்தை வீணாக்குகிறார்கள் என்பது இன்னொரு பொய்.

வீணாக்கினால் நான் சந்தோஷப்படுவேன், ஐயா! கெடிலத்தின் கரையில் உட்கார்ந்து, ஓடாத தண்ணீரில் கல்லை விட்டெறிந்துகொண்டு, ஒரு முழு சாயங்காலத்தையும் காரணமே இல்லாமல் செலவழித்த கூட்டத்தைச் சேர்ந்தவன் நான். அந்தச் சாயங்காலங்களுக்கு இன்றைக்கும் யாரிடமும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. இப்போதைய பிள்ளையோ விளையாட உட்காருகிறபோதே மண்டிக்கடைக் கணக்குப்பிள்ளை மாதிரி நோட்டும் பேனாவுமாக உட்காருகிறான்.

பணம் கட்டி ஆடுகிற ரம்மி சமாசாரத்தைப் பற்றி நான் பேசவில்லை. அது சூதாட்டம். அதற்குத் தமிழக அரசு 2023-லும் மத்திய அரசு 2025-லும் சட்டம் கொண்டுவந்திருக்கின்றன. அதைச் சட்டம் பார்த்துக்கொள்ளட்டும். நான் சொல்லுவது சாதுவான விளையாட்டு. பந்தயம் இல்லை, கடன் இல்லை. அதில்தான் எனக்குக் கவலை.

என் அக்கா மகன் ஒருவன் சிதம்பரத்தில் கீழ வீதிக்குப் பின்னால் ஓர் அறையில் மூன்று வருஷமாகக் குடியிருக்கிறான். அவன் ஆடுவதன் பெயர் 'ரூன்ஸ்கேப்'. இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜில் இருக்கிற ஒரு கம்பெனியின் சரக்கு, 2001-ல் பிறந்தது. பழைய உருவமே நன்றாக இருந்தது என்று ஜனங்கள் கேட்டுக்கொண்டதால் 2013-ல் அந்தப் பழைய உருவத்தைத் தனியாகத் திறந்துவிட்டார்கள். 2018 முதல் கைப்பேசியிலும் வருகிறது. உலகத்தின் நாலு மூலையிலிருந்தும் ஆட்கள் ஒரே சமயத்தில் வந்து கூடுகிற ஒரு கற்பனை ராஜ்யம் அது. அதில் உங்களுக்கு ஒரு பொம்மை மனிதன் உண்டு. அவன் மரம் வெட்டலாம், மீன் பிடிக்கலாம், சமைக்கலாம், சுரங்கம் தோண்டலாம். இப்படி இருபதுக்கு மேற்பட்ட தொழில்கள். ஒவ்வொரு தொழிலிலும் 99 படிகள். ஒவ்வொரு முறை மரம் வெட்டும்போதும் கொஞ்சம் அனுபவப் புள்ளிகள் சேரும். 99-ஆம் படியில் நிற்க வேண்டுமானால் 1,30,34,431 புள்ளிகள் வேண்டும். கேட்டீர்களா? கடைசி ஒன்று வரைக்கும் நிர்ணயித்து வைத்திருக்கிறார்கள். இதில் ஒரு விசித்திரம், 92-ஆம் படிக்கு வந்தவன் பாதி தூரம்தான் வந்திருக்கிறான். மிச்சம் ஏழு படிகளுக்கு இன்னொரு பாதி!

அங்கே ஒரு சிங்கி இறாலைப் பிடித்தால் 90 புள்ளி. சிங்கி இறாலை மட்டுமே பிடித்து 99-க்குப் போக நினைத்தால் 1,44,000-க்கு மேல் பிடித்தாக வேண்டும். கடலூர்த் துறைமுகத்தில் யாரிடமாவது இந்த எண்ணைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள்.

பையனின் நோட்டை ஒரு நாள் புரட்டிப் பார்த்தேன். "என்னடா இது, வரவுசெலவா?" என்றேன்.

"இல்ல மாமா. வில்லோ மரம் வெட்டுனா புள்ளி சீக்கிரம் ஏறும், ஆனா கட்டைக்கு வெல கெடையாது. யூ மரம் வெட்டுனா நல்ல வெல போவும், புள்ளி மெதுவாத்தான் ஏறும். அதான், எது மணிக்கு எவ்ளோன்னு போட்டு வச்சிருக்கேன்."

மணிக்கு எவ்வளவு! அந்த நோட்டு முழுவதும் அந்த ஒரே கேள்விதான். விறகைக் கொளுத்தினால்கூட ஒரு தொழிலுக்குப் புள்ளி உண்டாம். ஆனால் கொளுத்துகிற கட்டையின் விலை நஷ்டம். ஆகவே ஒரு மணி நேரம் வேறெங்கோ காசு சம்பாதித்து, அந்தக் காசில் கட்டையை வாங்கி, அதைக் கொளுத்துவது லாபமா, தானே வெட்டிக் கொளுத்துவது லாபமா? மீனைத் தானே பிடித்துச் சமைப்பதா, சந்தையில் பச்சை மீனை வாங்கிச் சமைப்பதா? பிடிக்கிறவன் முட்டாள் என்று அவன் கணக்கு தீர்ப்புச் சொல்லுகிறது. அங்கே காலத்தின் துடிப்பு 0.6 விநாடிக்கு ஒன்று. அந்தத் துடிப்புக்குள் விரலைச் சரியாக வைத்தால் இரண்டு காரியத்தை ஒன்றாகச் செய்யலாம் என்று அதற்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறான். கட்டணம் கட்டினவர்களுக்குத்தான் முழு ராஜ்யமும் திறக்கும். கையில் ரூபாய் இல்லாதவன் விளையாட்டுக் காசைக் கொடுத்து 'பாண்டு' என்ற ஒரு சீட்டை வாங்கிக் கட்டலாம். ஒரு சீட்டுக்குப் பதினாலு நாள். ஆகப் பதினாலு நாளைக்கு ஒருமுறை அந்தக் கற்பனை ஊரிலும் என் மருமகனுக்கு வாடகை பாக்கி வந்து நிற்கிறது! சிதம்பரத்து வீட்டுக்காரராவது மாதம் ஒருமுறைதான் கேட்கிறார்.

திருப்பாதிரிப்புலியூரில் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், இதைச் சொன்னதும் குதூகலப்பட்டார். "நல்லதுதானே! திட்டமிடுகிறான், பொறுமையைக் கற்கிறான், நேரத்தின் மதிப்பு தெரிகிறது. நாளைக்கு வாழ்க்கைக்கு உதவும்" என்றார். கைப்பேசியைப் பிடுங்கி உடைக்கச் சொல்லுகிறவர்களைவிட இவரைக் கண்டுதான் எனக்கு அதிக பயம். அவர்களுடைய கோபம் ஒரு வாரத்தில் தணிந்துவிடும். இவருடைய சந்தோஷமோ பள்ளிக்கூடங்களில் பாடத்திட்டமாகிவிடும்.

பொறுமை என்றால் என்ன? அண்ணாமலைநகரில் சங்கீதம் படிக்கிற ஒரு பிள்ளை விடியற்காலையில் எழுந்து நாகஸ்வரத்தில் அதே வரிசையை நூறு தரம் ஊதுகிறான். அங்கேயும் திரும்பத் திரும்பச் செய்வதுதான். ஆனால், நூறு தரம் ஊதினால் இத்தனை புள்ளி என்று அவனுக்கு யாரும் எழுதிக் கொடுத்ததில்லை. மூன்று மாதம் ஒன்றுமே நடக்காது. திடீரென்று ஒரு நாள் மூச்சு தானாக வந்து உட்காரும். வராமலேயும் போகலாம். அந்த நிச்சயமின்மையைத் தாங்குவதற்குத்தான் பொறுமை என்று பெயர். எண்ணிக்கை முன்கூட்டியே தெரிந்த காரியத்துக்கு வேண்டியது பொறுமையல்ல, உட்காரும் சக்தி.

இன்னொன்று சொல்லுகிறேன். அந்த ராஜ்யத்தில் சமையலில் 74-ஆம் படியை எட்டிவிட்டவனுக்குச் சிங்கி இறால் கருகவே கருகாது. என் அக்கா முப்பது வருஷமாகச் சமைக்கிறாள். மகன் இரண்டு நாள் போன் செய்யவில்லையென்றால் இன்றைக்கும் குழம்பை அடிப்பிடிக்க விடுகிறாள். அவளுடைய கைத்திறமை எத்தனையாவது படி?

இவ்வளவும் சொல்லிவிட்டு அந்தப் பையனை நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப் போகிறேனென்று நினைக்காதீர்கள். ஏற்ற வேண்டியவர்கள் வேறு.

அவன் மெக்கானிகல் டிப்ளமா படித்தான். ஒரு தொழிற்சாலை பயிற்சியாளன் என்ற பெயரில் அவனை ஒரு வருஷம் வைத்துக்கொண்டது. மற்ற தொழிலாளர் செய்கிற அதே வேலை. சம்பளம் மட்டும் பயிற்சியாளர் சம்பளம். வருஷம் முடிந்ததும் ஒரு காகிதத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டு, அடுத்த நாள் புதிய பயிற்சியாளர்களை எடுத்துக்கொண்டது. கம்பெனியின் பெயர் வேண்டாம். இப்படிப் பல இருக்கின்றன. பேருந்து நிலையச் சுவரிலெல்லாம் 'திறன்', 'திறன்' என்று எழுதியிருக்கிறார்கள். திறனைச் சேர்த்துக்கொண்டு வந்தவனுக்கு அடுத்த படி எங்கே என்று மட்டும் எந்தச் சுவரிலும் எழுதவில்லை.

இப்போது சர்வீஸ் கமிஷன் பரீட்சைக்குப் படிக்கிறான். 2024 ஜூனில் நடந்த குரூப் 4 தேர்வுக்கு 20 லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். அறிவித்தபோது இருந்த இடங்கள் 6,244. பிற்பாடு கொஞ்சம் கூட்டினார்கள். கூட்டினாலும் என்ன? அவன் எத்தனை மணி நேரம் படித்தால் வேலை நிச்சயம் என்று சொல்ல இந்த உலகத்தில் யாருக்கு யோக்கியதை இருக்கிறது? அந்தப் பொம்மை ராஜ்யத்திலோ அவனுக்கு ஒரு எழுத்து மூலமான வாக்குறுதி இருக்கிறது. ஒரு மணி உழைத்தால் ஒரு மணிக்குரிய கூலி. சிபாரிசு இல்லை, வயது வரம்பு இல்லை, 'உங்களைப் பிறகு அழைக்கிறோம்' இல்லை. 1,30,34,431 என்றால் 1,30,34,431-தான். எட்டினவனுக்கு 99-ஐக் கொடுத்தே தீர வேண்டும். நாணயமாக நடந்துகொள்ளுகிற எஜமானன் அவனுக்கு அங்கேதான் கிடைத்திருக்கிறான். அங்கே போகாமல் எங்கே போவான்?

வெனிசுவேலா தேசத்தில் நாணயத்தின் மதிப்பு சரிந்துபோன வருஷங்களில், 2017 வாக்கில், அந்த ஊர் ஜனங்கள் இதே விளையாட்டில் பச்சை டிராகன்களைக் கொன்று, கிடைத்த பொம்மைக் காசை அயல்நாட்டாருக்கு நிஜக் காசுக்கு விற்று அரிசியும் மாவும் வாங்கினார்கள். விளையாட்டின் விதிப்படி அது குற்றம். பசிக்கு அந்த விதி தெரியாது. அவர்கள் மணிக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்த்ததில் எனக்கு ஆட்சேபமில்லை. அது சோற்றுக் கணக்கு. என் மருமகனுக்கு அந்தப் பசி இல்லை. பசி இல்லாதவனும் அதே கணக்கைப் போடுகிறானே, அதுதான் விசாரிக்க வேண்டிய விஷயம்.

அந்தக் கணக்கு அந்த ராஜ்யத்துக்குள் நின்றுவிட்டால் பாதகமில்லை. அங்கே பிடித்த மீன் மறுபடியும் முளைக்கும்; வெட்டிய மரம் சற்று நேரத்தில் எழுந்து நிற்கும். இங்கே அப்படியா? தேவனாம்பட்டினத்துக்காரர்களுக்குச் சுருக்குமடியைப் பற்றி நான் பாடம் நடத்தத் தேவையில்லை. கூட்டமாக வருகிற மீனை வளைத்து, அடிக்கயிற்றை இழுத்துச் சுருக்கி, மொத்தமாக அள்ளுகிற வலை. 'மணிக்கு எவ்வளவு' என்ற கேள்விக்கு அதைவிடச் சிறந்த பதிலைக் கடலில் காண்பது அரிது. தமிழக அரசு 2000-ல் அதைத் தடை செய்தது. அந்த வலை வேண்டும் என்றும் வேண்டாம் என்றும் இதே கடலூர்க் கரையில் எத்தனை போராட்டம், எத்தனை ஊர்ப்பகை! 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட், பன்னிரண்டு கடல்மைலுக்கு அப்பால், வாரத்தில் திங்களும் வியாழனும் மட்டும் என்று இடைக்கால அனுமதி கொடுத்தது. பிறகு ஏப்ரல் 15-லிருந்து அறுபத்தொரு நாள் விசைப்படகுகள் கடலுக்கே போகக்கூடாது என்ற தடை வேறு. ஏன் இவ்வளவு கட்டுப்பாடு? ஒருவனுடைய மணிக்கணக்கு இன்னொருவனுடைய உலையில் போய் முடிகிறது என்பதனால்தான். பொம்மைக் கடல் இந்த ஒரு சங்கதியை மட்டும் யாருக்கும் சொல்லிக்கொடுக்காது.

கதை எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் எனக்கு ஒரு சொந்த வயிற்றெரிச்சலும் உண்டு. குரூப் 4 பரீட்சையில் 200 கேள்விகள்; அதில் 100 தமிழ். பையனின் அறைச் சுவரில் இரண்டு அட்டவணைகள் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டியிருக்கின்றன. ஒன்று ரூன்ஸ்கேப்புக்கு, ஒன்று பரீட்சைக்கு. தலைப்பை மறைத்துவிட்டால் எது எதுவென்று எனக்குத் தெரியவில்லை! எந்தப் பாடத்தில் மணிக்கு எத்தனை மார்க்கு என்று அதிலும் போட்டிருக்கிறான். நூல், ஆசிரியர், ஊர் என்று நூற்றுக்கணக்கில் நெட்டுருப் பண்ணியிருக்கிறான். அவற்றில் ஒரு புத்தகத்தையாவது பிரித்தாயா என்று கேட்டேன். கேள்வி 'யார் எழுதினார்' என்றுதான் வரும், 'என்ன எழுதினார்' என்று வராது என்றான். அவன் சொன்னது பெரும்பாலும் உண்மை. நாவலாசிரியனுக்கு இதைவிட ஒரு செருப்படி இருக்க முடியாது. அதை அடித்தவன் அவனல்ல. தமிழையும் மணிக்கு எவ்வளவு என்று அளக்கச் சொல்லிக்கொடுக்கிற பயிற்சிக்கூடங்களும், அதற்குத் தோதாகக் கேள்வித்தாளைத் தைக்கிற நிபுணர்களும்.

"நீங்க மணிக்கு எத்தினி பக்கம் எழுதுவீங்க மாமா?" என்று அவன் என்னைத் திருப்பிக் கேட்டான். கிண்டலாக அல்ல; உண்மையான அக்கறையோடு. சில நாட்கள் காலையில் எழுதியதைச் சாயங்காலம் கிழித்துப் போடுகிறேன் என்றேன். "அப்ப மைனஸ்ல போவுது" என்று இரக்கத்தோடு சொன்னான்.

விளையாட்டை நிறுத்து என்று அவனுக்கு நான் சொல்லவில்லை. வேலைக்கு ஒரு வழி சொல்லாதவர்களுக்கு அதைச் சொல்ல உரிமையும் கிடையாது. நான் சொன்னதெல்லாம், நோட்டை மூடி வைத்துவிட்டு ஒரு நாள் ஆடு, மோசமாக ஆடு, நஷ்டத்தில் ஆடு என்பதுதான். அந்த ராஜ்யத்தில் காடு இருக்கிறதாம், மலை இருக்கிறதாம், சதுப்பு நிலம்கூட இருக்கிறதாம். யாரோ சில சித்திரக்காரர்கள் மெனக்கெட்டு வரைந்திருக்கிறார்கள். ஒன்றும் வெட்டாமல், ஒன்றும் பிடிக்காமல் அங்கெல்லாம் போய்ப் பார்த்திருக்கிறாயா என்று கேட்டேன்.

"அங்கல்லாம் ஒண்ணும் கெடைக்காது மாமா" என்றான்.

சதுப்பு என்றதும் நினைவு வந்து, பிச்சாவரம் பார்த்தாயா என்று கேட்டேன். அதையும் பார்க்கவில்லை. அவன் அறையிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். பஸ் போகிறது.