தவணைக்குள் ஒளிந்திருக்கும் வட்டி

பண்ருட்டி வட்டாரத்தில் பலாவும் முந்திரியும் காசு தருவது ஆண்டில் சில மாதங்களே. ஆனால் பவர் டில்லர் கடனுக்கு மாதந்தோறும் தவணை கட்டியாக வேண்டும். ஆகவே, உண்மை வட்டி எவ்வளவு என்று விவசாயிகள் அறிவது அவசியம்.

ஒரு லட்சம் ரூபாய் கடன், நூற்றுக்கு 12 வட்டி, 36 தவணை என்று கொள்ளலாம். முழுத் தொகைக்கும் மூன்றாண்டு வட்டி ரூ.36,000 சேர்த்தால் தவணை ரூ.3,778. ஆனால் அசல் மாதாமாதம் குறைகிறதே! குறையும் பாக்கிக்கு மட்டும் வட்டி போட்டால் தவணை ரூ.3,321தான்.

கணினியின் எக்செல் கணக்குத்தாளில் 'ரேட்' என்ற வாய்பாடு உண்டு. தவணை எண்ணிக்கை 36, கழித்தல் குறியுடன் தவணை 3,778, கடன் 1,00,000 என்று வரிசையாக இட்டால் மாத வட்டி கிடைக்கும். கட்டத்தில் 2 சதவீதம் என்று முழு எண்ணாகத் தெரிந்தால், தசம இடங்களைக் கூட்டிப் பார்க்க வேண்டும். விடையை 12-ஆல் பெருக்கினால் ஆண்டு வட்டி 21 சதவீதத்துக்கும் மேல்!

புதிய சில்லறைத் தவணைக் கடன்களுக்கு, உண்மையான ஆண்டுச் செலவு விகிதத்தைக் காட்டும் விவரத்தாளைக் கடன் பெறுவோருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்பது 2024 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கியின் விதி. அதைக் கேட்டு வாங்க வேண்டும். கையெழுத்திடும் முன், படித்த பிள்ளைகளைக் கொண்டு கணக்கைச் சரிபார்ப்பது நலம். பலாவைத் தட்டிப் பார்த்துப் பக்குவம் அறியும் விவசாயி, கடனையும் தட்டிப் பார்க்க வேண்டும்.