தண்ணியில கண்டம்

விண்வெளி நிலையத்தில் எப்படிக் குளிப்பார்கள் என்று ஒரு வாசகர் கேட்கிறார். குளிப்பதே இல்லை, ஸ்வாமி! ஈரத் துணியால் துடைத்துக்கொள்வதோடு சரி. அங்கே தண்ணீர் கீழே விழாது. பட்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும். அழுதால்கூடக் கண்ணீர் கன்னத்தில் வழியாமல் கண்ணிலேயே குமிழாக நிற்கும்.

சிரிக்காதீர்கள். 2013 ஜூலை 16. இத்தாலிக்காரர் லூகா பார்மிடானோ நிலையத்துக்கு வெளியே வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது பின்மண்டையில் ஈரம். வியர்வை இல்லை. உடம்பைக் குளிர்விக்க உடைக்குள் ஓடும் தண்ணீர், ஹெல்மெட்டுக்குள் கசிய ஆரம்பித்துவிட்டது. சுமார் ஒன்றரை லிட்டர்! கண்ணை மூடி, மூக்கிலும் ஏறிவிட்டது. துடைக்கலாமென்றால் கை ஹெல்மெட்டுக்கு வெளியே. சூரியன் வேறு அஸ்தமித்துவிட்டது (அங்கே தினம் பதினாறு அஸ்தமனம்). பாதுகாப்புக் கயிறு இழுத்த திசையில் குருடர்போல் தடவித் தடவி வாசலுக்கு வந்து சேர்ந்தார். நண்பர்கள் ஹெல்மெட்டைக் கழற்றி, துண்டால் துடைத்தார்கள். பிழைத்தார்.

அப்புறம் நாஸா என்ன செய்தது தெரியுமோ? ஹெல்மெட்டுக்குள் தண்ணீரை உறிஞ்ச ஒரு பஞ்சுத் திண்டு, மூச்சுவிட ஒரு பிளாஸ்டிக் குழாய் வைத்தது. எனக்கு அந்தக் குழாய்தான் ரொம்பப் பிடித்திருக்கிறது. கோடி கோடியாகக் கொட்டிக் கட்டிய வீட்டில், உயிர் காக்க இளநீர்க் கடை சமாசாரம்!