விளக்கிய தண்ணீர் எங்கே போகிறது?

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றின் அடுக்களையில் இப்போது டிஷ்வாஷர் என்னும் பாத்திரம் கழுவும் இயந்திரம் இடம்பிடித்திருக்கிறது. வளைகுடாவில் வேலை பார்க்கும் பிள்ளைகளின் அன்பளிப்பாகவே பெரும்பாலும் அது வருகிறது. வந்த நாள் முதல் வீட்டில் இரண்டு கட்சி. "தண்ணீருக்கும் கரண்டுக்கும் கேடு, சாம்பலும் கதம்பை நாரும் போதாதா?" என்பது ஒரு கட்சி. "காலம் மாறிவிட்டது" என்பது மறு கட்சி. இதில் என் கருத்தை வாசக அன்பர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

சாம்பலின் பெருமை பேசுவோரில் பலர் ஒரு நாளும் அங்கணத்தில் குனிந்து பாத்திரம் விளக்கியவர்கள் அல்லர். விளக்கியவர்கள் நம் தாய்மார்கள். சுற்றுச்சூழல் என்ற நல்ல சொல்லைக் காட்டி அவர்களை மீண்டும் அங்கேயே நிறுத்துவது நியாயமில்லை. தண்ணீர்க் கணக்கும் அக்கட்சிக்கு முழுத் துணையாக இல்லை. ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தார் ஐரோப்பிய மக்களிடம் நடத்திய ஆய்வில், 12 பேர் சாப்பிட்ட பாத்திரங்களைக் கையால் கழுவச் சராசரியாக ஏறத்தாழ 100 லிட்டர் செலவானது. இன்றைய இயந்திரம் ஒரு முறை ஓடப் பத்துப் பதினைந்து லிட்டர் போதும். இரண்டு வாளித் தண்ணீரில் வேலையை முடித்த நம் பாட்டிமார் கணக்கு வேறு. ஆனால் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவும் இன்றைய வீட்டுக்கு இயந்திரமே சிக்கனம்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி இயந்திரம் வேண்டுமா, வேண்டாமா என்பதன்று. அது வெளியே விடும் தண்ணீர் எங்கே போகிறது என்பதே.

நம் பக்கத்தில் வீட்டுக்கு வீடு கிணறு உண்டு. அடுக்களைத் தண்ணீரை வாழைத் தூருக்கு விடுவதும் நெடுநாள் வழக்கம். அரிசி கழுவிய நீருக்கும் சாம்பல் நீருக்கும் அது சரி. இயந்திரத்தின் சோப்புத்தூளோ சோடா காரம் மிகுந்தது. கையால் கழுவும் சோப்பைவிடக் கடுமையானது. அந்நீர் நாள்தோறும் ஒரே இடத்தில் இறங்கினால் மண்ணில் உப்பும் காரமும் ஏறும், வாழையும் வாடும். உறிஞ்சுகுழிக்கும் கிணற்றுக்கும் 7.5 மீட்டர் இடைவெளி வேண்டும் என்கின்றன கேரளக் கட்டட விதிகள். நாலைந்து சென்ட் மனையில் நம் குழி அடுத்த வீட்டாரின் கிணற்றுக்கு அருகில் இருக்கிறதா என்பதையும் அளந்து பார்க்க வேண்டும். மனையிலிருந்து ஓடையில் கலப்பது, அகத்தியமலையில் பிறந்து பூவாறில் கடல் சேரும் நெய்யாற்றுக்கும் போகக்கூடும்.

பாஸ்பேட் கலந்த தூள் நீர்நிலைகளில் பாசியை வளர்க்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் இயந்திரத் தூளில் அதன் அளவைக் கடுமையாகக் குறைத்துவிட்டது. நாமும் பாஸ்பேட் இல்லாதது என்று அச்சிட்ட பொட்டலத்தையே கேட்டு வாங்குவோம். நம் செம்மண் மேட்டுக் கிணறுகளில் நீர் பெரும்பாலும் மென்மையானது. அத்தகைய நீருக்குத் தூள் குறைவாகப் போதும். அதிகமானால் கண்ணாடிக் குவளை மங்கும். நீரின் கடினத்தன்மையைச் சோதித்து அதற்கேற்ப இயந்திரத்தை அமைத்தால் உப்புச் செலவும் குறையும்.

பருக்கை, கறிவேப்பிலை, மீன்முள் ஆகியவற்றை வழித்து உரக்குழியில் போடுங்கள். குழாயடியில் முன்கூட்டிக் கழுவ வேண்டாம். இயந்திரம் நிறைந்த பிறகே, சூடு குறைந்த சிக்கன முறையில் ஓட்டுங்கள்; மின்சாரத்தில் பெரும்பங்கு நீரைச் சுடவைக்கவே செலவாகிறது. இரும்புத் தோசைக்கல், மண்சட்டி, ஈயச்சொம்பு, பித்தளை, மர அகப்பை, அலுமினியம் ஆகியவை உள்ளே போகக்கூடாது. அவற்றுக்குக் கதம்பை நாரே இன்றும் சிறந்தது.

வாரம் ஒரு முறை அடியிலுள்ள வடிகட்டியைக் கழற்றிப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவினால் போதும். நீர் பீய்ச்சும் கைகளின் துளைகளில் கடுகு அடைத்திருந்தால் குச்சியால் எடுத்துவிடலாம். வெள்ளைப் படிவு தெரிந்தால் சிட்ரிக் அமிலத் தூள் சிறிது போட்டு, வெறும் இயந்திரத்தைச் சூடான முறையில் ஒரு தடவை ஓட்டலாம். பிளீச்சிங் பவுடரை அதனுடன் ஒருபோதும் சேர்க்கக்கூடாது, நச்சுவாயு கிளம்பும்.

இந்த வாராந்திர வேலையை வீட்டு ஆண்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள். இயந்திரம் வாங்கித் தருவதோடு கடமை முடிவதில்லை. வாங்குமுன் குழி தோண்டும் இடத்தையும் கிணற்றுத் தூரத்தையும் பார்த்துக்கொண்டால், அண்டை வீட்டாருக்கும் அது நன்மையாகும்.