கம்பி அறுந்தால் மணி ஒலிக்குமா?

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் காலை. தீபாவளி கழிந்து ஒரு கிழமையே ஆகியிருந்தது. பதுளை மாவட்டத்திலே, கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தின்மீது மலை சரிந்து வீழ்ந்தது. லயங்கள் மண்ணுள் மறைந்தன. பள்ளிக்கூடம் சென்றிருந்த பிள்ளைகளுட் சிலர் திரும்பி வந்தபோது அவர்களுக்கு வீடுமில்லை, பெற்றோருமில்லை.

அந்த மலை சரியக்கூடியதென்பது எவரும் அறியாத இரகசியமன்று. அங்குள்ளோரை அகற்றவேண்டுமென 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. போக்கிடம் காட்டாத எச்சரிக்கையைப் பெற்ற ஏழைத் தொழிலாளி எங்கே போவான் என்பது வேறொரு வழக்கு. அதனை இப்பத்தியில் பேசப் புகவில்லை. இன்று நாம் எழுப்ப விரும்பும் வினா அதனினும் சிறியது. சிறியதாகையால் எவர் கண்ணிலும் படாதது. மலை அசையத் தொடங்கும் வேளையில் அபாய அறிவிப்பைக் கொண்டுவரவேண்டிய தொலைபேசித் தொடர்பு உயிரோடு இருக்கின்றதா என்று பார்ப்பவர் யார்?

மண்சரிவு ஆய்வு நம் மலைகளுக்குப் புதியதன்று. தேசிய கட்டட ஆராய்ச்சி அமைப்பு 1990ஆம் ஆண்டளவில் மண்சரிவு அபாய வரைபடங்களைத் தயாரிக்க முற்பட்டபோது, முதலில் எடுத்துக்கொண்ட மாவட்டங்கள் பதுளையும் நுவரெலியாவுமே. இன்று மழையின் அளவைக் கொண்டு எச்சரிக்கை விடுக்கும் முறை நடைமுறையில் உள்ளது. இருபத்துநான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பு. 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் புறப்பட ஆயத்தம். 150 மில்லிமீற்றரைத் தாண்டினாலோ, ஒரே மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினாலோ உடனே வெளியேற்றம். தோட்டத்து மூத்தவர்களுக்கு விளங்கும் அங்குலக் கணக்கிற் சொன்னால் ஏறக்குறைய மூன்று, நான்கு, ஆறு. மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று இவற்றுக்கு நிறமும் இட்டிருக்கின்றனர். மழையைத் தானே அளந்து தானே அறிவிக்கும் மழைமானிகள் மலைகளில் நிறுத்தப்பட்டுள்ளன. ஆபத்து மிகுந்த சில சரிவுகளில் நிலம் அசைவதை உணரும் கருவிகளும் உண்டு.

இவையெல்லாம் பாராட்டத்தக்கனவே. ஆயினும் கருவி மழையை அளந்தால் மட்டும் போதுமா? அளந்த கணக்குக் கொழும்புக்குச் செல்லவேண்டும். அங்கிருந்து எச்சரிக்கை மாவட்டச் செயலகத்துக்கு வரவேண்டும். பிரதேச செயலகம், கிராம உத்தியோகத்தர், தோட்டத்து அலுவலகம் என்று படிப்படியாக இறங்கி, நள்ளிரவில் உறங்கிக்கொண்டிருக்கும் லயத்துக் கதவைத் தட்டவேண்டும். இத்தனை படிகளையும் பிணைத்து நிற்பது தொலைத்தொடர்பு ஒன்றே. அதிலே ஒரு கண்ணி அறுந்தாலும் மற்றவை யாவும் வீண். கருவியின் மின்கலம் செத்திருக்கலாம். அதன் சிம் அட்டைக்குக் கட்டணம் செலுத்தப்படாமல் இணைப்பு நின்றிருக்கலாம். பட்டியலில் உள்ள தலைவரின் இலக்கம் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே மாறியிருக்கலாம். இவையெல்லாம் வெயிற்காலத்தில் நேரும் சின்னஞ்சிறு பிழைகள். வெயிற்காலத்தில் இவற்றை எவரும் உணர்வதில்லை. மழைக்காலத்தில் உணர்ந்து பயனில்லை.

இங்கேதான் ஒரு பெரும் மயக்கம் ஒளிந்திருக்கின்றது. அபாய மணி ஒலிக்கவில்லையென்றால் அபாயமில்லை என்று எண்ணுவது மனித இயல்பு. நலமாயிருக்கும் கருவியும் மௌனம் சாதிக்கும். செத்துப்போன கருவியும் மௌனம் சாதிக்கும். இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? இந்தச் சிக்கலுக்கு விடை காணப்பட்டு நூறாண்டுக்கு மேலாகின்றது. 1852ஆம் ஆண்டில் அமெரிக்காவின் போஸ்டன் நகரில் தீயை அறிவிக்கத் தந்திக் கம்பி முறை அமைக்கப்பட்டது. அதன் வழியில் வளர்ந்த தீயறிவிப்புத் தந்திகளிலே, தீயில்லாத வேளையிலும் கம்பியில் மின்னோட்டம் இடையறாது ஓடிக்கொண்டேயிருக்கும். கம்பி எங்கேனும் அறுந்தால் ஓட்டம் நிற்கும். ஓட்டம் நின்றதே நிலையத்தில் உள்ளவருக்குச் செய்தியாகிவிடும். இன்றைய கருவிகளிலும் இதனைச் செய்யலாம். ‘நான் இருக்கின்றேன்’ என்று குறித்த நேரத்துக்கு ஒருமுறை கருவி குறிப்பனுப்பவேண்டும். குறிப்பு வராதபோது அதையே ஆபத்தாகக் கொண்டு ஓர் ஆள் புறப்பட்டுப் போகவேண்டும். குறிப்பனுப்பும் கருவியை வாங்குவது எளிது. புறப்பட்டுப் போகும் ஆளை நியமிப்பதுதான் நம் நாட்டில் அரிது!

2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலை எவரும் மறந்திருக்கமுடியாது. நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்கள் மாண்டன. மண்சரிவின் கொடுமையை மிகுதியாக அனுபவித்த மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று. வீதிகள் புதையுண்டன; மின்சாரம் நின்றது; தொலைத்தொடர்புக் கோபுரங்கள் பல செயலிழந்தன; உற்றாருக்கு உயிருண்டா இல்லையா என்று அறியாது வெளியூரிலிருந்தோர் நாட்கணக்கில் தவித்தனர். இதிலே வியப்பதற்கு ஒன்றுமில்லை. தொலைபேசி இழை வீதியோரமாகச் செல்கின்றது. வீதியை மண் மூடினால் இழையும் அறும். கோபுரம் மின்சாரத்தை நம்பி நிற்கின்றது. மின்சாரம் நின்றபின் அதன் மின்கலங்கள் தாங்குவது சில மணி நேரமே. எந்த மழையைப் பற்றி எச்சரிக்கவேண்டுமோ அந்த மழையே எச்சரிக்கும் வழியை முதலில் அறுத்துவிடுகின்றது. ஆகவே ஒரு வழியை மட்டும் நம்பியிருக்கும் எச்சரிக்கை முறை, நல்ல வானிலைக்கே உரிய முறையாகும்.

செல்வம் மிக்க நாடுகளும் இவ்விடயத்தில் தவறியிருக்கின்றன. பிரித்தானியாவிலே பழைய செப்புக் கம்பித் தொலைபேசிகளை அகற்றிப் புதிய இணைய வழித் தொடர்புக்கு மாற்றும் வேலை நடைபெறுகின்றது. அங்கே தனித்து வாழும் முதியோரும் நோயாளரும் கழுத்திலோ கையிலோ ஓர் அழுத்தானை அணிந்திருப்பர். அழுத்தினால் தொலைபேசி வழியே உதவி நிலையத்துக்குச் செய்தி போகும். கம்பி மாறிய பின்னர் அழுத்தான் வேலை செய்கின்றதா என்று சோதியாமல் விட்ட இடங்களில் விபரீதங்கள் நேர்ந்தன. 2023ஆம் ஆண்டு டிசம்பரில் அரசாங்கம் தலையிட்டது. தொலைபேசி நிறுவனங்கள் கட்டாய மாற்றத்தை நிறுத்திவைத்தன. 2025இல் முடியவேண்டிய வேலை 2027 ஜனவரிக்குத் தள்ளிப்போயிற்று. அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டு மூன்றாந் தலைமுறைக் கைத்தொலைபேசி அலைவரிசைகள் நிறுத்தப்பட்டபோதும், அவற்றை நம்பியிருந்த அபாயமணிக் கருவிகளை மாற்ற வேண்டியதாயிற்று. தொலைபேசித் தொழிலில் ஒன்று புதிதாக வரும்போது மற்றொன்று ஓசையின்றி இறக்கின்றது. இறப்பதை நம்பி எவரெவர் உறங்குகின்றனர் என்று கணக்கெடுப்பது அந்நிறுவனங்களின் கடமையும் அரசாங்கத்தின் கடமையுமாகும்.

தோட்டங்களின் நிலைமை தனியானது. முற்காலத்திலே தொலைபேசி துரை பங்களாவிலும் அலுவலகத்திலும் மட்டுமே இருந்தது. லயத்து மக்களுக்கு இருந்தது தப்பின் ஓசை. விடியுமுன் பெரட்டுக்கு அழைத்ததும் அதுவே. அந்தத் தப்பு பழுதடைந்தால் அன்றே தெரியும். ஏனெனில் அது நாள்தோறும் ஒலித்தது. அன்றாடம் பயன்படுவதற்குத் தனிப்பட்ட சோதனை வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை பயன்படுவதற்கே சோதனை வேண்டும். இன்று லயங்களிலும் கைத்தொலைபேசி வந்துவிட்டது உண்மையே. ஆனால் நமுனுகுலைச் சரிவிலும் பூனாகலை மலையிலும் எந்த மூலையில் அலை கிடைக்கும், எந்த மூலையில் கிடைக்காது என்பது அங்கு வாழ்வோருக்கே தெரியும்; கொழும்பில் உள்ள வரைபடத்துக்குத் தெரியாது. கொழுந்து பறிக்கும் பெண்கள் பகலெல்லாம் மலையில் நிற்கின்றனர். அவர்களின் தொலைபேசி லயத்திலே கிடந்தால், அதற்கு வரும் எச்சரிக்கை யாரைக் காக்கும்?

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. ஆயினும் டித்வா நாட்களில், தமிழில் வந்த அறிவித்தல்கள் பிந்தின, குறைந்தன என்ற முறைப்பாடு பலமாக எழுந்தது. தொலைபேசி ஒலித்தும் அதில் வந்த செய்தி விளங்காவிடில், கம்பி அறுந்ததற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? தொடர்பைச் சோதிப்பவர்கள், செய்தி தமிழில் வருகின்றதா என்பதையும் சேர்த்தே சோதிக்கவேண்டும்.

இனி, இதற்குப் பொறுப்பாளர் யார் என்ற வினா. தோட்ட நிருவாகம் பிரதேச சபையைக் காட்டும். பிரதேச சபை செயலகத்தைக் காட்டும். செயலகம் கொழும்பைக் காட்டும். தோட்டப்புறத்துக்குச் செலவழிக்கச் சட்டம் இடந்தரவில்லை என்று பிரதேச சபைகள் நெடுங்காலம் சொல்லிவந்தன. 2018ஆம் ஆண்டில் அச்சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. ஆகவே அந்தச் சாட்டு இனிச் செல்லாது. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின்கீழ் அமைந்த அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு மாவட்டந்தோறும் கிளையுண்டு. பதுளைக் கிளை முன்னின்று, தோட்ட நிருவாகங்களையும் தொலைபேசி நிறுவனங்களையும் ஒரே மேசையில் அமர்த்தவேண்டும்.

நாம் கேட்பது கோடிக்கணக்கான ரூபாவன்று. மாதத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்க. அன்று மழைமானியிலிருந்து ஒரு சோதனைக் குறிப்பு கிளம்பட்டும். அது படிப்படியாக வந்து கடைசி லயத்தின் கடைசிக் கதவை எத்தனை நிமிடத்தில் எட்டுகின்றதென்று மணிக்கூட்டைப் பார்த்து எழுதுக. எட்டாவிட்டால் எங்கே நின்றதென்று எழுதுக. அந்தப் புத்தகம் தோட்ட அலுவலகத்தில் எவரும் பார்க்கும்படி தொங்கட்டும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு நடத்தும் சோதனையும் ஆண்டுக்கு இருமுறையேனும் வேண்டும். அதுவே உண்மையான பரீட்சை. தொலைபேசி நிற்கும் நேரத்துக்காகத் தொழிற்சாலைச் சங்கையும் கோயில் மணியையும் ஆயத்தமாக வைத்திருக்கவேண்டும். ஒவ்வொரு லயத்திலும் ஒரு சாதாரண மழைமானியை வைத்து, அதனைப் படிக்க இருவரைப் பழக்குதல் வேண்டும். கொழும்பிலிருந்து சொல் வராதபோது ஆறு அங்குலம் என்ற கணக்கே அவர்களுக்குச் சொல்லாகட்டும்.

இதனைத் தோட்டத் தொழிலாளர்மீது மட்டும் சுமத்திவிட்டு மற்றையோர் ஒதுங்கிவிடலாகாது. வெலிமடையிலும் ஊவா பரணகமையிலும் மரக்கறி பயிரிடும் விவசாயிகளும் அதே மழையில் நனைபவர்களே. பதுளையிலும் பண்டாரவளையிலும் உள்ள ஆசிரியர்கள், பொறியியலாளர்கள், தாதியர்களுட் பலர் லயங்களிற் பிறந்து வளர்ந்தவர்கள். அவர்கள் விடுமுறைக்குத் தம் தோட்டத்துக்குச் செல்லும்போது, எச்சரிக்கைப் பட்டியலில் உள்ள இலக்கங்களை ஒவ்வொன்றாக அழைத்துப் பார்க்கட்டும். எத்தனை இலக்கங்கள் பதில் சொல்கின்றன என்பதை எமக்கு எழுதினால் தோட்டத்தின் பெயரோடு வெளியிடுவோம். இடைப்பருவ மழை ஒக்டோபரில் தொடங்கிவிடும். கடிதங்கள் அதற்கு முன்னர் வந்து சேரட்டும்.