சைக்கிள் மிதிக்கும் என் மாணவர்களுக்கு

கம்பெனி ஆட்களோடு சேர்ந்து நெடுந்தூரம் சைக்கிள் மிதித்து நிதி திரட்டுவதாக உங்களில் சிலர் லிங்க் அனுப்புகிறீர்கள். சந்தோஷம். நானும் கொடுக்கிறேன். ஆனால் அந்தப் பணத்தில் உங்கள் டி-ஷர்ட்டுக்கும் லாட்ஜ் வாடகைக்கும் எவ்வளவு போகிறது? வாத்தியார் புத்தி, கணக்குக் கேட்கும்!

அமெரிக்காவில் 1980-இல் 36 பேரோடு தொடங்கிய 'பான் மாஸ் சேலஞ்ச்' பயணத்தில், ஓட்டுபவர்கள் இப்போது திரட்டும் பணம் முழுவதும் பாஸ்டனின் டானா ஃபார்பர் புற்றுநோய் நிலையத்துக்கே போகிறது. நடத்தும் செலவுக்குப் பதிவுக் கட்டணமும் ஸ்பான்சர்களும். நம்மவர்களும் அப்படிச் செய்ய வேண்டும்.

அடுத்தமுறை ஈ.சி.ஆர். வேண்டாம். வடக்கனந்தலில் கிளம்பி, கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலை ஏறுங்கள். மூச்சு வாங்கும். கல்வராயன் மலை உண்டு உறைவிடப் பள்ளிப் பிள்ளைகளுக்கு என்ன தேவை என்று அங்குள்ள ஆசிரியர்களிடம் முதலில் கேளுங்கள்; பிறகு லிங்க் அனுப்புங்கள்.