பயணத்தைவிட நீண்ட ஆயத்தம்

இந்தியக் கடற்படையின் லெப்டினன்ட் கமாண்டர்கள் தில்னாவும் ரூபாவும் ‘தாரிணி’ என்னும் 56 அடிப் பாய்ப்படகில் உலகைச் சுற்றிவிட்டு 2025 மே 29இல் கோவா திரும்பினார்கள். தில்னா கோழிக்கோட்டுக்காரர். ரூபா அழகிரிசாமி புதுச்சேரிக்காரர். ஆகவே மலையாளிகள் ஒருவரையும் தமிழர்கள் மற்றவரையும் தம் வீட்டுப் பெண்ணாகக் கொண்டாடினார்கள். இரண்டு மொழிக்கும் நடுவில் குடித்தனம் நடத்தும் நமக்கோ இரட்டை மகிழ்ச்சி.

ஆனால் கொண்டாடியவர்களில் பலர் ஒரு கணக்கைக் கவனிக்கவில்லை. பயணம் எட்டு மாதம். தூரம் 25 ஆயிரம் கடல் மைலுக்குச் சற்று அதிகம். அதற்கான ஆயத்தமோ மூன்று ஆண்டுகள். அந்தக் காலத்தில் அவர்கள் பாய் விரித்து ஓடிய தூரம் சுமார் 38 ஆயிரம் கடல் மைல். புறப்படுவதற்கு முன்பே உலகை ஒன்றரைச் சுற்று சுற்றிய தூரம்!

இவ்வளவு ஆயத்தம் எதற்கு? படகில் குடியிருந்து பார்த்தாலன்றிப் படகு பிடிபடாது என்பதுதான் விடை. எந்தக் குழாய் எங்கே போகிறது, எந்த அடைப்பானைத் திருகினால் கடல் நீர் உள்ளே வராது என்பதெல்லாம் நடு இரவில், விளக்கில்லாமல், படகு ஒருக்களித்துக் கிடக்கும்போது கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். குடிநீரைத் தம்ளரால் அளந்து செலவிட வேண்டும். மின்கலம் இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அரிசியில் வண்டு விழாமல், புளி கசியாமல், தகர டப்பா துருப்பிடிக்காமல் அடுக்கி வைக்க வேண்டும். ஊஞ்சல்போல் ஆடும் அடுப்பில் சோறு வடிக்கவும் பழக வேண்டும். எல்லாவற்றையும்விடக் கடினமானது ஒன்றுண்டு: ஓர் அறை அகலத்தில் இரண்டு பேர் மாதக்கணக்கில் முகம் கோணாமல் வாழ்வது. இதைக் கற்றுத்தர எந்தப் பள்ளிக்கூடமும் இல்லை.

நம் கொச்சிக் காயலில் ஓராண்டு படகிலேயே குடியிருப்பவனுக்கு இவற்றில் பாதி வந்துவிடும். மேடத்து வெயிலில் மேல்தட்டில் கால் வைக்க முடியாது. இடவப்பாதி மழையில் துணி காயாது. பாயிலும் படுக்கையிலும் பூஞ்சணம் பிடிக்கும். ஆற்று வெள்ளத்தோடு பாயல் மிதந்து வந்து நங்கூரக் கயிற்றை மூடும். படகின் அடியில் சிப்பியும் பாசியும் ஒட்ட ஒட்டச் சுரண்டியாக வேண்டும். வேலியேற்ற வேலியிறக்கத்தைக் கணக்கிடாமல் கரைக்குச் சாமான் வாங்கக்கூடப் போக முடியாது. கடல் ஏறுகிறவனுக்கு இதைவிட நல்ல பள்ளி வேறெங்கே கிடைக்கும்?

அப்படிப்பட்ட மாணவர்கள் நம்மிடையே உண்டா என்பதுதான் கேள்வி. இந்தியர் பாய்ப்படகில் உலகைச் சுற்றிய வரலாற்றைப் பாருங்கள். 1985இல் புறப்பட்டு 1987இல் திரும்பிய ‘திருஷ்ணா’ ராணுவப் பொறியாளர் படையின் படகு. 2009-10இல் தனியாகச் சுற்றிய முதல் இந்தியர் திலீப் டோண்டே கடற்படை அதிகாரி. அவரும் 2006இல் முன்வந்து, கோவாவில் படகு கட்டும் இடத்திலேயே உடனிருந்து, மூன்றாண்டுக்குப் பிறகுதான் புறப்பட்டார். 2012-13இல் எங்கும் நிற்காமல் தனியே சுற்றிய அபிலாஷ் டோமி நம் கேரளத்துக்காரர், அவரும் கடற்படைக்காரரே. 2018 போட்டியில் பாய்மரம் முறிந்து முதுகெலும்பில் அடிபட்டு மீட்கப்பட்டவர், ஓய்வு பெற்றபின் மீண்டும் அதே போட்டிக்குப் போய் 2023இல் இரண்டாவதாக வந்தார். தில்னா, ரூபா இருவருக்கும் வழிகாட்டியவரும் அவரே. இவர்கள் அனைவரும் போற்றத்தக்கவர்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அனைவரும் சீருடை வழியாகக் கடலுக்குப் போனவர்கள். சம்பளத்தோடும் படகோடும் மூன்றாண்டு ஆயத்தம் செய்ய அவர்களுக்கு வழி இருந்தது. ஒரு பள்ளி ஆசிரியரோ மோட்டார் மெக்கானிக்கோ இதே ஆசை கொண்டால் எங்கே போவார்?

இது பணக்காரர் விளையாட்டு, நமக்கெதற்கு என்று சிலர் கேட்கலாம். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி அம்மாள்’ என்ற பாய்க்கப்பலை வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். சிறு படகில் உலகைச் சுற்றியவர் அவர். கப்பல் 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் சேர்ந்தது. அதைச் செலுத்திச் சென்றவர்களில் வல்வெட்டித்துறைத் தமிழர் ஐவர். அவர்கள் பணக்காரர்களா? எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றிய முதல் மனிதரான ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டனின் ‘சுஹைலி’யும் பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டியதுதான். மரமும் கையும் நம்முடையவை. பயணம் மட்டும் பிறருடையது.

சட்டமும் பணக்காரர் விளையாட்டு என்றே நினைக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் உல்லாசப் படகுகளுக்குச் சரக்கு சேவை வரி 40 சதவீதம். சொந்த விமானத்துக்கும் அதே வரி! கோடீசுவரரின் மிதக்கும் மாளிகைக்கும், பழைய மரப்படகை வாங்கிச் சொந்தக் கையால் செப்பனிட நினைக்கும் இளைஞனின் கனவுக்கும் வித்தியாசம் பாராட்டாத வரி இது.

போல்காட்டித் தீவில் கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் மெரினா இருக்கிறது. இந்தியாவின் முதல் மெரினா என்று பெருமையோடு திறக்கப்பட்டது. ஆனால் சேறு படிந்து ஆழம் குறைவது அதன் தீராத நோய். கடலோடும் பாய்ப்படகு மிதக்க நல்ல ஆழம் வேண்டும். சேற்றில் உட்கார்ந்த படகில் குடியிருக்கலாம், பயணம் போக முடியாது. கப்பல் வழியைத் தூர்வாராமல் கொச்சித் துறைமுகம் நடக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தத் தூர்வாரும் வேலையில் ஒரு சிறு பங்கு இந்த மெரினாவுக்குக் கிடைத்தால் குடிமுழுகிப் போகாது.

குளிர்காலத்தில் செங்கடல் பக்கம் போகும் வெளிநாட்டுப் பாய்ப்படகுகள் கொச்சியில் தங்கிப் போவதுண்டு. கணவன், மனைவி, சிலவற்றில் குழந்தைகளும் அதிலேயே வாழ்கிறார்கள். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் அரிசியும் மிளகும் கயிறும் வாங்கிப் போகிறார்கள். வடமும் இரும்புச் சாமானும் விற்கும் கடைகள் இங்கே உண்டு. தோப்பும்படியில் மீன்பிடிப் படகுகளைச் செப்பனிடும் ஆசாரிகளும் மெக்கானிக்குகளும் உண்டு. இல்லாதது, இந்நாட்டுக் குடிமகன் ஒருவன் குறைந்த வாடகைக்குப் படகைக் கட்டி ஓரிரண்டு ஆண்டு அதிலேயே வாழ்ந்து பழக ஓர் இடம்.

சுற்றுலாக் கழகம் பத்துப் படகுகளுக்கு மட்டுமாவது அப்படி இடம் ஒதுக்கட்டும். தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் அகற்றும் ஏற்பாடு ஆகிய மூன்றும் இருந்தால் போதும். குளிர்சாதன அறையும் விருந்து மண்டபமும் வேண்டாம். முப்பதடிக்கு உட்பட்ட, உள்நாட்டில் கட்டிய பாய்ப்படகுகளை 40 சதவீத வரியிலிருந்து விலக்கும்படி கேரள அரசு ஜி.எஸ்.டி. கவுன்சிலில் கேட்க வேண்டும். கடற்கரை நீண்டு கிடக்கும் தமிழக அரசும் உடன் சேர்ந்து கேட்கலாம்.